பதுளையில் முளைத்த சோளம் நானுஓயாவில் ஏன் முளைக்கவில்லை?

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நானுஓயாவில் லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியில், தைப்பொங்கல் முடிந்த கையோடு இனிப்புச் சோளம் போட்டிருக்கிறீர்கள். விதையை இரவு முழுவதும் ஊறவைத்து ஊன்றி, காலையும் மாலையும் பீலித் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். 18 நாளாகியும் 48 விதையில் 11தான் தலைகாட்டியிருக்கிறது. அதே பாக்கெட்டில் பாதியைக் கொண்டுபோன உங்கள் அக்கா, பதுளையில் ஊறவைக்காமல் அப்படியே ஊன்றினார். ஒரு கிழமைக்குள் ஏறக்குறைய எல்லாமே முளைத்துவிட்டன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, கையிலிருக்கும் இன்னொரு பாக்கெட்டையும் இப்போதே போடலாமா என்று கேட்கிறீர்கள்.

கடைக்காரரை விட்டுவிடுங்கள். பதுளையில் முளைத்த விதைக்கு நானுஓயாவுக்கு வரும்போதும் உயிர் இருந்திருக்கிறது. அது செத்தது உங்கள் பாத்தியில், பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். அந்த இரண்டு நாளில் அது குடித்த தண்ணீர் குளிர்ந்த தண்ணீர். மீதிக் கதையெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

மிச்சமுள்ள பாக்கெட்டைப் பிரித்து ஒரு விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோழிக்குப் போடும் சாதாரண சோளம் உருண்டு, பளபளவென்று, கல் மாதிரி இருக்கும். இதுவோ வற்றல் போலச் சுருங்கி, எடையில்லாமல், ஓரங்கள் கூராக இருக்கும். கெட்டுப்போனதால் வந்த சுருக்கம் அல்ல இது, சாதியே அப்படி. சாதாரண சோளம் தன் சீனியை மாப்பொருளாக மாற்றிச் சேமித்துக்கொள்ளும். இந்த மிகை இனிப்பு இனங்களில் அந்த மாற்றம் பாதியில் தடைப்படுகிறது. 1950களில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் இந்தச் சுருங்கிய விதையின் இனிப்பைக் கண்டுகொண்ட பிறகுதான் இன்றைய மிகை இனிப்புச் சோளங்கள் வந்தன. நமக்குப் பிடித்த இனிப்பு, விதைக்குப் பெரிய பலவீனம். முளைக்கும்வரை சாப்பிட மாப்பொருள் கொஞ்சம்தான் இருக்கிறது. தோல் எளிதில் வெடிக்கும். உள்ளே கரைந்து வெளியேறத் தயாராகச் சீனி நிறைய இருக்கிறது. பழைய வகை இனிப்புச் சோளம் இவ்வளவு மென்மையானது அல்ல, அது பாதிவழி.

இப்போது விதை தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பார்ப்போம். முதல் கட்டம் வெறும் உறிஞ்சல். கடற்பஞ்சு குடிப்பது போல. செத்த விதைகூட இந்தக் கட்டத்தில் நன்றாக உப்பும். ஆகவே, "ஊறவைத்ததும் எல்லாம் அழகாக உப்பியதே" என்று நீங்கள் எழுதியது எதற்கும் சாட்சியாகாது. உலர்ந்த விதையில் உயிரணுக்களின் சவ்வுகள் சுருங்கி ஒழுங்கற்றுக் கிடக்கும். தண்ணீர் ஏற ஏற அவை தம்மைச் சீர்செய்துகொள்ளும். வெதுவெதுப்பாக இருந்தால் இந்த வேலை விரைவாக முடிந்துவிடும். தண்ணீர் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இருந்தால் சவ்வுகள் உறைந்த நெய் மாதிரி விறைத்து, சீராவதற்குள் ஓட்டை விழும். அந்த ஓட்டை வழியாகச் சீனியும் அமினோ அமிலங்களும் மண்ணுக்குள் கசியும். குளிர்ந்த ஈரமண்ணில் வாழும் பித்தியம் என்ற நுண்ணுயிர் இந்தச் சீனியின் வாடையைப் பிடித்து, மண்துகள்களுக்கிடையிலுள்ள தண்ணீரில் நீந்தியே வந்து சேரும். அதற்கு நீங்கள் விருந்து வைத்து, நீந்தி வரத் தண்ணீரும் விட்டிருக்கிறீர்கள்.

இரண்டாம் கட்டத்தில் விதை குடிப்பதை நிறுத்தி, உள்ளே நொதியங்களை வேலைக்கு விடும். மூன்றாவதில் முளைவேர் வெளியே வரும். முளைவேர் வந்த பிறகு ஓரிரு குளிர் இரவுகள் வந்தால் அது மெதுவாகும், சாகாது. ஆகவே முதல் 48 மணி நேரத்தில் மண் வெதுவெதுப்பாக இருந்ததா என்பதே முக்கியம். அதற்குப் பின் வரும் குளிரை விதை ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

குளிர் எவ்வளவு தாமதிக்கும் என்பதற்கு நாற்றங்கால்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. சாதாரண இனிப்புச் சோளம் மண்ணுக்கு மேலே வர, மண் 25 பாகையில் இருந்தால் 4 நாள், 20 பாகையில் 7 நாள், 15 பாகையில் 12 நாள், 10 பாகையில் 22 நாள். 40 பாகையில் முளைக்காது, ஆனால் அந்தக் கவலை நமக்கு இல்லை. மிகை இனிப்பு இனத்துக்கு 18 பாகைக்குக் கீழே நான் துணிய மாட்டேன். 21க்கு மேல் இருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன். உயரம் 100 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 பாகை குறையும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர், நானுஓயா 1,600 மீற்றரைத் தாண்டியது. ஆக உங்களுக்கும் அக்காவுக்கும் இடையில் 5 அல்லது 6 பாகை வித்தியாசம். மேலே உள்ள கணக்கில் அந்த 5 பாகை எத்தனை நாளைத் தின்கிறது என்று பாருங்கள். 12 நாள் ஈரமண்ணில் கிடக்கிற விதையைத் தின்ன வருகிறவர்கள் ஏராளம். 4 நாளில் எழுந்துவிட்டால் அவர்கள் வருவதற்குள் விதை செடியாகிவிடும்.

இது வெறும் ஊகமாக நிற்க வேண்டாம், தோண்டிப் பாருங்கள். முளைக்காத இடங்களில் ஐந்தாறைத் தேர்ந்து, ஒரு தேக்கரண்டியால் பக்கவாட்டில் மண்ணை வழித்து, விதையை நசுக்காமல் எடுத்து வெள்ளைத் தட்டில் வையுங்கள். விரலால் அழுத்தும்போது சாம்பல் வெள்ளைக் களி பிதுங்கி, புளித்த கஞ்சி வாடை வந்தால், முதல் இரண்டு நாளிலேயே போனது. முளைவேர் வெளியே வந்து, நுனி பழுப்பாகி வழுவழுவென்று இருந்தால், முளைத்த பிறகு பூஞ்சையிடமோ தேங்கிய நீரிடமோ அகப்பட்டது. தண்டு வெண்மையாக, திருகாணி போலச் சுற்றிக்கொண்டு கிடந்தால், மேலே மண் ஓடு கட்டியிருந்தது, அல்லது பகல் சூடும் இரவுக் குளிரும் அதிகம் விலகி நின்றன. குருத்தைப் பொதிந்திருக்கும் உறை மண்ணுக்குள்ளேயே கிழிந்து, மஞ்சள் இலை மடங்கிக் கிடந்தால் ஆழமாக ஊன்றிவிட்டீர்கள். விதையே இல்லாமல் குழி மட்டும் இருந்தால் எலி அல்லது மைனா. அதற்கு வெப்பநிலையைக் குறை சொல்ல முடியாது. விதை இறுக்கமாக, தோல் சுத்தமாக, முளைப்பக்கம் கொஞ்சம் வீங்கியிருந்தால் மெதுவாக மண்ணைத் திரும்ப மூடுங்கள். அது இன்னும் வரக்கூடும்.

உங்கள் தட்டில் களிதான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் அதே தட்டைப் பார்த்தவன். அப்புத்தளைப் பக்கம் குடியிருந்த காலத்தில், இரவு பட்டாணி ஊறவைக்கிற வழக்கத்திலேயே சோள விதையையும் ஒரு செம்பில் போட்டு மூடி, குசினி ஜன்னலோரம் வைத்தேன். விடியற்காலையில் அந்தச் செம்பைத் தொட்டபோது விரல் விறைத்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மாதக் கடைசியில் கடன் சொல்லி வாங்கிய பாக்கெட் அது. பத்தாம் நாள் தோண்டினால் ஒவ்வொன்றும் பல் இல்லாதவன் மென்ற அவரைக்கொட்டை மாதிரி இருந்தது. விதை விற்றவரிடம் போய்ச் சண்டையும் போட்டேன்; இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஊறவைப்பதை நான் எதிர்ப்பதற்கு மூன்று காரணம். முதலாவது மேலே சொன்ன குளிர். இரண்டாவது மூச்சு: தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கிய விதைக்கு ஒட்சிசன் போதாது, சில மணி நேரம் தாங்கும், இரவு முழுவதும் இந்தச் சுருங்கிய விதை தாங்காது. மூன்றாவது, கடை விதையில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ பூசியிருக்கிறதே, அது பங்கசுநாசினி. ஊறவைத்த தண்ணீர் சிவப்பாக மாறியிருக்குமே? விதைக்குப் போட்ட கவசத்தை நீங்கள் கழுவிக் கீழே ஊற்றிவிட்டீர்கள். அந்தத் தண்ணீரையும் மிச்ச விதையையும் கோழிப்பக்கம் போகவிடாதீர்கள். விதையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

அவசரமென்றால் முளைகட்டுங்கள், ஊறவைக்காதீர்கள். பயறு முளைகட்டுவது போல, ஈரமான பழைய பருத்தித் துணியில் விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டி, பொலித்தீன் பையில் வாய் லேசாகத் திறந்தபடி போட்டு, அடுப்படியில் கை வைத்தால் இதமாக இருக்கும் இடத்தில் வையுங்கள். துணியைப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. இரண்டு மூன்று நாளில் முளைவேர் வெள்ளைப் புள்ளியாக எட்டிப் பார்க்கும். அரை சென்ரிமீற்றருக்கு மேல் நீளவிடாமல் எடுத்து, வேர் முறியாமல் ஊன்றிவிடுங்கள். அபாயமான அந்த இரண்டு நாளும் உங்கள் அடுப்புச் சூட்டில் கழிந்துவிட்டது என்பதுதான் இதிலுள்ள தந்திரம்.

இதே துணிச்சுருளை இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தலாம். பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் முளைப்புவீதம் ஆய்வுகூடத்தில் 25 பாகை அளவில் வைத்து, ஏழாம் நாளில் எண்ணிய கணக்கு. பதுளை மண்ணுக்கு அது பொருந்தும். உங்கள் மண்ணுக்குப் பொருந்தாது, பொய்யும் இல்லை. சோளத்துக்கென்றே விதை ஆய்வுகூடங்களில் குளிர்ச் சோதனை ஒன்று செய்கிறார்கள்: ஈரமண்ணில் 10 பாகையில் ஒரு கிழமை வைத்து, பிறகு வெப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள். உங்களுக்கு ஆய்வுகூடம் எதற்கு? இயற்கையே குளிரூட்டியாக இருக்கிறது. பத்துப் பத்து விதையாக இரண்டு சுருள் கட்டுங்கள்; உள்ளே கொஞ்சம் பாத்தி மண்ணும் தூவுங்கள். ஒன்று அடுப்படிக்கு, மற்றது ஒரு கிழமை வெளித் திண்ணையில் கிடந்து பிறகு அடுப்படிக்கு. இரண்டையும் எண்ணினால், விதை கெட்டதா குளிர் கெடுத்ததா என்ற வழக்கு தீர்ந்துவிடும்.

மண்ணின் சூட்டை எப்படி அறிவது? காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது, அது 35 பாகையில்தான் தொடங்கும். சமையலுக்கோ பாடசாலை ஆய்வுகூடத்துக்கோ விற்கும் சாதாரண வெப்பமானி போதும். விதை கிடக்கப்போகும் ஆழத்தில், 4 அல்லது 5 சென்ரிமீற்றரில் குத்தி, காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் நான்கு நாள் பாருங்கள். காலைக் கணக்கே முக்கியம். பகல் வெயிலில் மேல் மண் 24 காட்டும், மனம் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் அது எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். தை மாசியில் வானம் தெளிந்த இரவுகளில் நுவரெலியாப் பக்கம் புல்லின்மேல் உறைபனி படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு இரவுக்கு முந்திய நாள் விதை ஊன்றுவது, பிறந்த குழந்தையைப் பீலியில் குளிப்பாட்டுவதற்குச் சமம்.

பாத்தியைச் சூடாக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஈரமண் சூடாக நேரமெடுக்கும், ஏனென்றால் வெயிலின் பெரும்பகுதியைத் தண்ணீரே குடித்துவிடும். எனவே முதலில் வடிகானை ஆழமாக்கி, பாத்தியை 15, 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். பிறகு கறுப்புப் பொலித்தீனை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, ஒரு கிழமை விட்டால் சில பாகை ஏறும். இடத் தெரிவும் உண்டு. மலைநாட்டில் மதியத்துக்குப் பிறகு மூட்டம் கவிவது வழக்கம். நமக்கு உறுதியாகக் கிடைப்பது காலை வெயில். ஆகவே கிழக்கு பார்த்த சரிவு நல்லது, தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் தென்கிழக்கு இன்னும் நல்லது. கல்வேலிக்கு முன்னால் உள்ள பாத்தி இரவிலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும்.

மானாப் புல் மூடாக்கைப் பற்றிக் கவனம் தேவை. தோட்டத்தில் தேயிலைக்கு அது எவ்வளவு நல்லது என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் சோளத்துக்கும் விதைத்த அன்றே தடிப்பாகப் போட்டுவிடுகிறார்கள். வெயில் மண்ணைத் தொடாது, மண் சூடாகாது. உயரத்தில் இருப்பவர்கள் நாற்று ஒரு சாண் வந்த பிறகு போடுங்கள். பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் மண் வறண்டு பறக்கும்போது நிலைமை தலைகீழ். அங்கே மெல்லிய மூடாக்கு இல்லாமல் மேல்மண் ஒரே பகலில் காய்ந்துவிடும்.

ஈரத்துக்கு வருவோம். இங்கே ஒரு முரண் இருக்கிறது. சாதாரண சோளம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தண்ணீர் குடித்தாலே முளைக்கத் தயாராகும். மிகை இனிப்பு விதை அதைப்போல ஏறக்குறைய இருமடங்கு கேட்கும். அதிகம் குடிக்க வேண்டிய விதை, அதிக ஈரத்தில் முதலில் சாகிறது! இதைச் சமாளிக்கத் தேவையானது நிறையத் தண்ணீர் அல்ல. விதையைச் சுற்றி மண் நன்றாக ஒட்டியிருப்பதும், அந்த ஈரம் நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதும்தான். ஊன்றியதும் உள்ளங்கையால் மண்ணை மெதுவாக அழுத்துங்கள், காலால் மிதிக்காதீர்கள்.

விதைப்பதற்கு முதல்நாள் நண்பகலில் பாத்தியை ஆழமாக நனைத்துவிடுங்கள். மறுநாள் ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். உருண்டையே பிடிபடாமல் உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது. உருண்டையாக நின்று, கட்டைவிரலால் தட்டியதும் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் அதுதான் பதம். கொழுக்கட்டை மாவு பிசைகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே தேவையில்லை. அந்தப் பதத்தில் ஊன்றினால் முளை வரும்வரை பெரும்பாலும் தண்ணீரே வேண்டாம். மேல்மண் காய்ந்தால் மட்டும், வாளியில் பிடித்து வெயிலில் வைத்த தண்ணீரைப் பத்து, பதினொரு மணிக்குப் பூவாளியால் தெளியுங்கள். பொழுது சாயும் நேரத்தில் பீலித் தண்ணீரை அள்ளி ஊற்றுவது, அன்றைய வெயில் மண்ணில் சேர்த்த சூட்டை ஒரே வாளியில் கழுவிவிடுவது போல.

குறைந்த ஈரமும் ஆபத்துதான், ஆனால் அந்தத் தொல்லை உங்களுக்கு அல்ல, அக்காவுக்கு வரக்கூடியது. ஒருமுறை நனைந்து முளைவேர் விட்ட விதை பிறகு காய்ந்தால் மீண்டும் எழாது. சில விதைக்கு ஈரம் எட்டி, சிலவற்றுக்கு எட்டாமல் போனால் முளைப்பு முன்பின்னாகும். ஒரு கிழமை பிந்தி வந்த சோளச்செடி முந்தியவற்றின் நிழலில் நின்று, கதிர் பிடிக்காமல் வெறும் தட்டையாகவே போகும்.

ஆழம்: உங்கள் உயரத்தில் 2.5 சென்ரிமீற்றர், பதுளையில் 4. அதற்குமேல் வேண்டாம். நம் செம்மண் பெருமழையில் அடித்து, மறுநாள் வெயிலில் ஓடு கட்டும். அட்டன், மஸ்கெலியாப் பக்கம் வைகாசி முதல் தென்மேல் பருவமழை பிடித்தால் இது தினசரிக் கதை. அந்த மாதங்களில் அங்கே நேரடியாக விதைப்பதை விட்டுவிட்டு, கூட்டெருவும் மணலும் கலந்த நாற்றுத் தட்டில் கூரைக்கடியில் முளைக்க வைத்து, பத்துப் பன்னிரண்டு நாளில் வேர் சுருளுமுன் நடுவதே புத்தி. சோளத்தை நாற்று விட்டு நடக்கூடாது என்று சொல்வார்கள். வேர் உடையாமல் நட்டால் ஒரு குறையும் இல்லை.

இனி உங்கள் இரண்டாவது பாக்கெட். இப்போது போடாதீர்கள். பங்குனி நடுவில் இரவுக் குளிர் தணிந்து, காலை வெப்பமானி 18ஐத் தாண்டத் தொடங்கும்வரை பொறுத்தால் மண்ணே பாதி வேலையைச் செய்துவிடும். அதற்குள் வேண்டுமென்றால் முளைகட்டிய விதையும் பொலித்தீன் போட்ட மேட்டுப்பாத்தியும்தான் வழி. அதுவரை விதையைக் குசினித் தட்டில் திறந்து வைக்காதீர்கள். மலைநாட்டு மூட்டத்தை விதை சத்தமில்லாமல் குடிக்கும். விதைக்குள் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது விதைக்காரர்களின் பழைய கணக்கு. இனிப்புச் சோள விதை எப்படியும் ஓரிரு வருடத்துக்கு மேல் நம்பிக்கையோடு வைக்கக்கூடியதல்ல. வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடியை ஜாம் போத்தலின் அடியில் போட்டு, அதன்மேல் விதையைக் கடதாசிப் பையோடு வைத்து இறுக்கி மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், வெளியே எடுத்த பிறகு சில மணி நேரம் கழித்தே திறவுங்கள். இல்லாவிட்டால் விதைமேல் வேர்த்துவிடும்.

ஊன்றும்போது ஒரே நீள வரிசையாகப் போடாமல், நான்கு குட்டை வரிசையாகச் சதுரமாகப் போடுங்கள், காற்றில் மகரந்தம் ஒன்றுக்கொன்று விழ வேண்டும். பக்கத்து வீட்டார் கோழிச் சோளம் போட்டிருந்தால் இரண்டு மூன்று கிழமை முன்பின்னாக விதையுங்கள். அந்த மகரந்தம் விழுந்த மணிகளில் இனிப்பு இருக்காது, மாவாகத்தான் இருக்கும். தோண்டிய தட்டில் என்ன தெரிந்தது என்றும், அக்காவின் பாத்தியில் காலை ஏழு மணிக்கு எத்தனை பாகை என்றும் எழுதுங்கள்.